கழட்டிப் பார்க்கிற பாய்

டீக்கடைக்கு வந்தால் அவர் முதலில் டீ சொல்ல மாட்டார். பெஞ்சுக்கு அடியில் குனிந்து, காலையும் பலகையையும் பிடித்திருக்கிற நட்டை விரலால் நெருடிப் பார்ப்பார். விரலுக்குத் திரும்பாவிட்டால் சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்பேனரை எடுத்து, நட்டை முழுசாகக் கழட்டி, அதன் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி மாட்டுவார். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் டம்ளரோடு எழுந்து நிற்க வேண்டும். நான் அவரோடு நாற்பத்து மூன்று தடவை டீ குடித்திருக்கிறேன். அதில் இருபத்தாறு தடவை நின்றுகொண்டு குடித்தேன்.

"பெஞ்சு நல்லாத்தானே பாய் கீது? அத ஏன் நோண்டற?" என்பார் கடைக்காரர்.

"நல்லா இருந்தா கழலும்பா. கழலலன்னாதான் பயம்."

அவலூர்பேட்டை ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு வண்டி வேலை செய்துகொண்டிருந்தார். ஊரில் அவருக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே கழட்டுற பாய். முதுகுக்குப் பின்னால் மரை கழண்ட பாய். மரை என்பது போல்ட்டின் மேல் சுற்றிச் சுற்றி ஓடுகிற வரி. அது கழண்டவன் என்று யாரையாவது சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டாவது பெயர் அவர் காதுக்கும் போயிருந்தது. கோபப்படவில்லை. "நல்ல பேருதான் சார். கழண்டு வந்தா மரை நல்லா இருக்குதுன்னு அர்த்தம். அழிஞ்சி போன மரைதான் கழலாது" என்றார்.

அவர் மனைவியைச் சந்தையில் ஒரு தரம் பார்த்தபோது, "உங்க ஃப்ரெண்டுக்குச் சொல்லுங்க சார், இந்த மாசத்துல நாலாவது தபா கட்டிலக் கழட்டி வச்சிக்கினு உக்காந்திருக்கறாரு. நான் தரையில படுத்துக்கினு கெடக்கறேன்" என்றார். நான் அவரிடம் சொன்னேன். "நாலு இல்ல சார், மூணு" என்றார். எண்ணிக்கையில் என்னோடு தகராறு செய்த ஒரே ஆள் அவர்தான்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சர்வே இலாகாவில் முப்பத்து நாலு வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன். ஓய்வு பெற்ற பிறகு அளக்க ஒன்றும் இல்லாததால் கண்ணில் படுவதையெல்லாம் எண்ணுகிறேன். வீட்டு மாடிப்படி பதினேழு. வாசலிலிருந்து பால் கடைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு. எண்ணாமல் நடந்தால் மனசு படபடக்கிறது. டாக்டர் இதற்கும் சேர்த்து ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். அதோடு காலையில் ஐந்து, ராத்திரி மூன்று.

அவரும் நானும் பழகியதே ஒரு காரால்தான். என் அப்பா கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையில் எண்ணெய் ஆட்டும் ஆலை வைத்திருந்தார். நன்றாக ஓடிய காலத்தில் வேலூர் டாக்டர் ஒருவரிடமிருந்து பெரிய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினார். ஆலை போய்விட்டது, கார் மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது. வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் நிற்கும். வாரத்துக்கு ஒரு தரம் கிளப்பி, தெருமுனை வரை ஓட்டி, திரும்பக் கொண்டுவந்து விடுவேன். என் மகள் வயிற்றுப் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் போனில் ஒன்றே ஒன்று கேட்டாள். "தாத்தா, பொண்ணழைப்புக்கு நான் அந்தப் பெரிய கார்லதான் வருவேன். நீங்கதான் ஓட்டணும்." பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஒன்றரை கிலோமீட்டர். எனக்கு அப்போது எழுபது வயது. சரி என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்கு இருபத்து நாலு நாள் இருக்கும்போது, கார் தாங்குமா பார்க்கலாம் என்று கிரிவலப் பாதையில் மலையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவரப் போனேன். பதினாலு கிலோமீட்டர். அடி அண்ணாமலை தாண்டும்போது முன்பக்க இடது சக்கரத்தில் காற்று இறங்குவது ஸ்டியரிங்கில் தெரிந்தது. பாதை ஓரத்திலேயே ஒரு பஞ்சர் கடை. நாற்பத்தைந்து வயசிருக்கும் ஒருவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், மியூசியத்துலேர்ந்து எடுத்துக்கினு வந்துட்டீங்களா?" என்று சிரித்தபடி எழுந்து வந்தார்.

சக்கரத்தைப் பிடித்திருந்தது ஐந்து நட்டு. முதல் நட்டில் ஸ்பேனரைப் போட்டு இடப்பக்கமாக அழுத்தினார். அசையவில்லை. காலை வைத்து அழுத்தினார். அசையவில்லை. குனிந்து பார்த்தார்.

"சார், வேணாம். பழைய வண்டி. வேற மாதிரி ஏதாவது இருக்கப் போவுது."

"வேற மாதிரி இன்னா இருக்கும்? நட்டு எல்லாம் ஒண்ணுதான். வலம் சுத்தினா இறுகும், இடம் சுத்தினா கழலும். இந்த ஊர்ல இருந்துக்கினு வலம் எது இடம் எதுன்னு உனக்கு நான் சொல்லணுமா?"

"போல்ட்டு மூஞ்சியில இன்னாவோ எழுதிக்கிது சார். எல்-னு."

நான் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்து பார்த்தேன். ஆமாம், டிரம்மிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு போல்ட்டின் முனையிலும் எல் என்ற ஆங்கில எழுத்து சின்னதாகப் பொறித்திருந்தது. எண்ணினேன். ஐந்து.

"எல்-னா லார்ஜ்," என்றேன். "சட்டையில போடறாங்களே, அது மாதிரி. பெரிய சைஸு."

காரின் அந்தப் பக்கம் போய் வலது சக்கரத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போக நாலு எட்டுதான். என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டது அந்த நாலு எட்டு.

"இருந்தாலும் வேணாம் சார்," என்றார் இரண்டாவது முறையாக.

"நான் சொல்றேன், பைப்பு போட்டுத் திருப்புப்பா."

ஸ்பேனரின் பின்னால் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, அதன் நுனியில் தன் எடையைப் போட்டார். நட்டு கிரீச்சிட்டு அரைச் சுற்று திரும்பியது. "பாத்தியா, கழலுது!" என்றேன். அடுத்த நட்டும் அரைச் சுற்று. மூன்றாவதற்குப் போகும் முன் நிமிர்ந்து, "சார், கைக்கு நல்லாத் தெரியல. வேணாம்" என்று மூன்றாவது முறையாகச் சொன்னார். நான் குழாயை என் கையாலேயே பிடித்துக் காட்டினேன். அவரும் சேர்ந்து அழுத்தினார். பட்டென்று ஒரு சத்தம். போல்ட்டின் தலைப்பாகம் நட்டோடு சேர்ந்து உடைந்து சாக்கடையில் விழுந்தது.

"இதுக்கு மேல நான் கை வைக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு டயரில் காற்றை மட்டும் அடித்து அனுப்பினார். வீடு வந்து சேர்வதற்குள் ஐந்து இடத்தில் நிறுத்தி, இறங்கி, சக்கரத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் பாய்க்கு ஆள் அனுப்பினேன். கதவைத் திறக்க நான் வருவதற்குள் அவர் என் வீட்டு இரும்பு கேட்டின் கீழ்க் கீலைக் கழட்டிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கேட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

"கவலப்படாதீங்க சார், மாட்டிடறேன். துரு ஜாஸ்தியா கீது."

காரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். போல்ட்டு உடைந்த சக்கரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான்காவது போல்ட்டின் முனையைக் கட்டைவிரலால் துடைத்தார். ஸ்பேனரைப் போட்டு, வலப்பக்கமாக, ஒரு கையால் திருப்பினார். நட்டு வெண்ணெயாகக் கழண்டு வந்தது.

நான் போல்ட்டின் முனையை மறுபடி குனிந்து பார்த்தேன்.

"இது இடமரை சார். வண்டி முன்னாடி ஓடற சுத்துல இந்தப் பக்கத்து நட்டு தானா கழண்டுக்கக் கூடாதுன்னு அமெரிக்காக்காரன் மாத்தி வச்சிக்கிறான். இந்தப் பக்கம் ரெண்டு சக்கரமும் வலம் சுத்தினா கழலும். இடம் சுத்தினா இறுகும். அதான் எழுதிக்கிறானே, எல்-னு. லெஃப்ட்டு."

நான் மெதுவாக அந்தப் பக்கம் போனேன். நாலு எட்டு. வலது சக்கரத்தில் ஐந்து போல்ட்டு முனையிலும் ஆர் என்று எழுதியிருந்தது.

"யாரு சார் இப்பிடிப் பண்ணது? இறுகற பக்கம் பைப்பு போட்டு, ஒண்ண ஒடச்சி, ரெண்டு மரைய நசுக்கி வச்சிக்கிறான்!"

"அடி அண்ணாமலை பஞ்சர் கடைக்காரன்," என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. குழாயைப் பிடித்த கை அவருடையதும்தான். இந்த வாதத்தை அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு நானே பதினோரு தடவையாவது சொல்லிக்கொண்டிருப்பேன்.

"அட அறிவு கெட்டவனே!" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். "எழுதிக்கிது, படிக்க மாட்டானா? படிக்கத் தெரியலன்னா தெரிஞ்ச ஆளக் கேக்க மாட்டானா?"

கேட்டார். தெரிந்த ஆளைத்தான் கேட்டார்.

வேலை இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தது. என் வீட்டுக் கொட்டகையிலேயே காரை மரக்கட்டை மேல் ஏற்றி வைத்துவிட்டு, தினமும் மத்தியானத் தொழுகை முடிந்து வருவார். முதல் இரண்டு நட்டும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. உளி வைத்து அடித்துப் பிளந்துதான் எடுத்தார். உடைந்த போல்ட்டின் அடிக்கட்டையைப் பின்பக்கமாக அடித்து வெளியேற்றினார். அதற்குப் பதில் ஒன்று கடைந்து தரச் சொல்லி, தன் கொட்டகைக்கு எதிரில் இருக்கும் லேத்துக்காரரிடம் நல்ல போல்ட்டு ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தார். மூன்றாம் நாள் புதுப் போல்ட்டு வந்தது. பளபளவென்று இருந்தது. நட்டைப் போட்டால் ஒரு வரிகூட ஏறவில்லை.

"வலமரை போட்டு வச்சிக்கிறான் சார்! இருபது தபா சொன்னேன். ஊரே வலம் போவுது, அவன் கையும் வலம் போயிடுச்சு."

மறுபடி போய், பக்கத்திலேயே நின்று, இடமரை போட வைத்துக் கொண்டுவந்தார். முனையில் எழுத்தும் பொறித்திருந்தது. எல் இல்லை. 'இ' என்று தமிழில்.

"தமிழ்ல இருந்தா எவனுக்கும் சந்தேகம் வராது பாருங்க," என்றார். நான் கொட்டகையின் கூரை ஓடுகளை எண்ண ஆரம்பித்தேன்.

நசுங்கிய இரண்டு போல்ட்டுதான் அவருக்குப் பிடித்த வேலை. ஒவ்வொன்றிலும் பதினெட்டு வரி, அதில் ஏழு நசுங்கியிருந்தன. வெளியிலிருந்து ஒரு நட்டைத் திருகி உள்ளே அனுப்பினால் சரியாகிவிடாதா என்று கேட்டேன்.

"ஆவாது சார். வெளியிலேர்ந்து போனா, கெட்ட மரை போயி நல்ல மரையையும் சேத்துக் கெடுக்கும். இங்க பாருங்க, அடியில, சக்கரம் மூடிக்கினு இருந்த எடத்துல நாலு வரி கெடாம கீது. அங்க புடிச்சிக்கினு வெளிய வரணும்."

பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்துவந்த நாலு இடமரை நட்டில் ஒன்றை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். இரண்டு பாதியையும் போல்ட்டின் அடியில், அந்த நல்ல நாலு வரியின் மேல் பொருத்தி, கவ்வியால் இறுக்கிப் பிடித்தார். எண்ணெய் விட்டார். கழட்டுகிற திசையில் கால் சுற்று வருவார், அரைக்கால் சுற்று திரும்பப் போவார், மறுபடி எண்ணெய். நசுங்கிய வரியைத் தொட்டதும் கவ்வி முனகும். அப்போது அவரும் முனகுவார். வரி ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டே வந்தது. மிச்சம் இருந்த பிசிறை முக்கோண அரத்தால் ராவினார். இரண்டு போல்ட்டுக்கும் ஆறு நாள்.

எனக்குப் பொறுமை இல்லை. "இறுகுதா பாய்? இறுகுதா?" என்று தினமும் கேட்பேன். காலண்டரில் நாள் குறைந்துகொண்டிருந்தது.

"இறுகறது வேற, சிக்கிக்கறது வேற சார். ரெண்டும் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும். கழட்டிப் பாத்தாதான் எது எதுன்னு தெரியும்." இன்னொரு நாள் சொன்னார்: "அஞ்சுல நாலு கழண்டு, ஒண்ணு மட்டும் சிக்கிக்கினா இன்னா ஆவும்? சக்கரம் கையில வராது. நாலு கழண்டதுக்குப் பிரயோஜனமே இல்ல."

நடுவில் ஒரு பௌர்ணமி வந்துபோனது. அதற்கு மறுநாள் காலையில் பஞ்சர் கடைக்காரர் என் வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"சார், பௌர்ணமின்னா என் கடைக்குப் பன்னெண்டு வேனு, காராவது நிக்கும். நேத்து ரெண்டு சைக்கிள்தான். விசாரிச்சேன். வேன் ஸ்டாண்டுல பாய் சொல்லி வச்சிக்கிறாராம். அந்தக் கடையில வண்டிய உடாதீங்க, மரைய அழிச்சிடுவான், சக்கரம் கழண்டு ஓடிப்போவும்னு."

பாய் அப்படிச் செய்யக்கூடியவர்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஒரு சக்கரத்தை நம்பி ஒரு வண்டியில் எத்தனை பேர் உட்கார்கிறார்கள் என்று நினைக்கிற ஆள்.

"நீ அவர்கிட்ட நடந்தத சொல்லலியா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நான் சொன்னா, பெரியவர் மேல பழி போடறான்னு ஆயிடும். உங்க வயசுக்கு அது நல்லா இருக்காது. நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். எனக்கு அதுதான் சோறு."

"சொல்றேன்பா," என்றேன்.

அன்று மத்தியானம் பாய் வந்தார். சொல்லவில்லை. மறுநாளும் வந்தார். முப்பத்து நாலு வருஷம் எல்லைக் கல்லில் உள்ள எழுத்தைப் பார்த்து ஊரார் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தவன், எல் என்ற ஒரு எழுத்தை லார்ஜ் என்று படித்தான் என்று எப்படிச் சொல்வது? கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.  நாடியை எண்ணிப் பார்த்தேன், தொண்ணூற்றாறு. என் மனைவி, "பொண்ணுக்குக் கல்யாணமா, உங்களுக்கா? ஏன் இப்பிடி நெலகொள்ளாம அலையறீங்க?" என்று திட்டினாள். அவளிடமும் சொல்லவில்லை.

பெண்ணழைப்புக்கு இரண்டு நாள் முன்னால், காலை பத்து மணிக்கு, பாய் சக்கரத்தை மாட்டினார். ஐந்து நட்டையும் முதலில் விரலாலேயே கடைசி வரை ஓட்டினார். பிறகு ஸ்பேனரால் எதிரெதிராக இறுக்கினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதா பாய்?"

ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். "கழட்டுங்க."

"நானா?"

"வண்டிய ஓட்டப் போறது நீங்க. பேத்திய உக்கார வச்சிக்கினு போப்போறது நீங்க. உங்க கைக்குத் தெரியணும். எந்தப் பக்கம் சார்?"

"வலம்," என்றேன்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தேன். முதல் நட்டு, நசுங்கி நிமிர்ந்த போல்ட்டு. அழுத்தினேன். இளகிக் கையோடு வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது, புதுப் போல்ட்டு. 'இ' என்ற எழுத்து என் கண்ணுக்கு நேராக இருந்தது.  எண்ணெய் போட்டிருந்ததால் அரை அழுத்தத்திலேயே கழண்டது. நட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"பாய், அந்தக் கடைக்காரர் எல்-னு எழுதிக்கிதுன்னு சரியாத்தான் படிச்சிக் காட்டினாரு. எல்-னா லார்ஜ்னு சொன்னது நான். வேணாம்னு சொன்னாரு. மூணு தடவ சொன்னாரு. நான்தான் பைப்பு போடச் சொன்னேன். மூணாவதுக்கு என் கையும் அதுல இருந்துச்சு."

 என் கையிலிருந்து நட்டை வாங்கினார். டீக்கடையில் செய்வதுபோலவே அதன் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"கழண்டுச்சா சார்?"

"கழண்டுச்சு பாய்."

"அப்ப மாட்டுங்க."

ஐந்தையும் கழட்டி, ஐந்தையும் மாட்டி, இடம் சுற்றி இறுக்கினேன். அதுவரை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்ததும், "செருப்பு போட்டுக்கினு வாங்க" என்றார்.

"எங்க?"

"வேன் ஸ்டாண்டுக்கு. நான் பதினோரு பேர்கிட்டச் சொல்லி வச்சிக்கிறேன். இப்ப நானே போயி, இல்லப்பா அவன் நல்லவன்னு மாத்திச் சொன்னா, பாய்க்கு நெஜமாவே மரை கழண்டுடுச்சுன்னுவானுங்க. நீங்கதான் சொல்லணும்."

வெயிலில் நடந்தோம். வழியெல்லாம் அவர் எனக்கு இரண்டு எட்டு முன்னாலேயே போனார். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஸ்டாண்டில் அன்று எட்டு பேர் இருந்தார்கள். எட்டு பேரையும் வேப்பமரத்தடியில் கூப்பிட்டு நிறுத்தினார். நான் சொன்னேன்.  பிறகு ஒருவர், "சார், நீங்க போட்டிருக்கற சட்டை இன்னா சைஸு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். "எல்-ஏதான்பா," என்றேன். பாய் மட்டும் சிரிக்கவில்லை. விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "எட்டு," என்றார்.

இரண்டு பேர் திருப்பதி சவாரி போயிருந்தார்கள். மறுநாள் காலை நான் தனியாகவே போய், அவர்கள் வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டு வந்தேன். பத்து. பதினொன்றாமவர் போன வாரமே ஸ்டாண்டை விட்டுவிட்டு வண்டியோடு ஓசூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். விலாசம் யாரிடமும் இல்லை. அவருடையது என்று அவர்கள் கொடுத்த நம்பருக்குப் பேசினால் வேறு யாரோ எடுத்தார்கள்.

பெண்ணழைப்பு நன்றாக நடந்தது. மாலை போட்ட காரில் பேத்தி பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் ஓட்டினேன். மேளத்துக்குப் பின்னால் நடக்கிற வேகத்தில்தான் போனோம். பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காரின் இடது பக்கமாகவே கடைசி வரை கூட நடந்து வந்தார்.

"தாத்தா, அவர் ஏன் என்னையே பாக்காம கீழயே பாத்துக்கிட்டு வர்றாரு?"

"சக்கரத்தப் பாக்கறாரும்மா."

மண்டபத்து வாசலில் பேத்தியை ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துப் போனபோது, எல்லாரும் அவள் பின்னால் போனார்கள். பாய் குனிந்து ஒரு நட்டில் ஸ்பேனரைப் போட்டார். வலப்பக்கம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கழண்டது. மறுபடி மாட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு பந்திக்கு வந்தார்.

அடுத்த பௌர்ணமியன்று அடி அண்ணாமலைக்குப் போய், பஞ்சர் கடைக்கு எதிர்ப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்து எண்ணினேன். பதினாலு வண்டி நின்றது. கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு ஒரு டீ வாங்கி அனுப்பினார். சாயங்காலம் போல ஒரு மஞ்சள் வேன், பின் சக்கரம் சப்பையாக, கடையைத் தாண்டிப் போனது. கொஞ்சம் தயங்கியது போல இருந்தது, நிற்கவில்லை. டிரைவர் முகம் தெரியவில்லை. எழுந்து கையைக் காட்டினேன். கூட்டத்தில் போய்விட்டது. பதினொன்றாமவருடையதும் மஞ்சள் வேன்தான் என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். அதுவா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

பாய்க்கு இரண்டு வருஷம் கழித்து உடம்பு முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அவர் கட்டில் ஓரத்தில் நர்ஸ் ஒருத்தி கோபமாக நின்றுகொண்டிருந்தாள். குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற கம்பியின் திருகை அவர் கழட்டிவிட்டிருந்தார். கம்பி சரிந்து பாட்டில் அவர் மார்பின் மேல் கிடந்தது. "கையில ஊசி இருக்கும்போது இன்னா வேல இது, தாத்தா?" என்றாள். அவர் திருகை என்னிடம் காட்டினார். "பாருங்க சார். சிக்கிக்கினு இருந்துச்சு. இறுகிக்கிதுன்னு நெனச்சிக்கினு இருந்தாங்க."

நான் அதை வாங்கி மாட்டினேன். நர்ஸ் போனதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"பதினொண்ணு?"

"இல்ல பாய். ஓசூருக்கு ரெண்டு தரம் போய்ட்டேன். ஸ்டாண்டு ஸ்டாண்டா கேட்டேன். ஆள் கெடைக்கல."

 "தேடுங்க," என்றார்.

அந்த மாதமே போய்விட்டார். அதற்குப் பிறகும் ஓசூருக்கு ஒரு தரம் போய் வந்தேன். கால் இப்போது பஸ் படியில் ஏற மறுக்கிறது. பஞ்சர் கடைக்காரரே, "உடுங்க சார், ஒருத்தர்தானே, எங்கயோ போயிட்டாரு" என்கிறார். அவர் கடை நன்றாகத்தான் நடக்கிறது. ஆனால் எங்கோ ஒரு ஊரில், டீ குடித்துக்கொண்டே, மலை சுற்ற வருகிற யாரிடமோ, அடி அண்ணாமலையில் ஒரு கடை இருக்கிறது, அங்கே மட்டும் வண்டியை விட்டுவிடாதே என்று அந்த ஒருவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கலாம். பாய் சொன்னதாகச் சொல்வார். பாய் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்.

மாதத்துக்கு ஒரு முறை கார்ச் சக்கரத்தின் இருபது நட்டையும் கழட்டி மாட்டுகிறேன். பத்து வலம், பத்து இடம். எல்லாம் கழலுகின்றன. வேறு வழி தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மஞ்சள் வேன் வைத்திருந்தவரே, நீங்களோ உங்களைத் தெரிந்தவரோ இதைப் படித்தால்: அந்தக் கடைக்காரர் மேல் தவறில்லை. அவர் எழுத்தைச் சரியாகத்தான் படித்தார். எல் என்றால் லார்ஜ் என்று சொன்னது நான். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். மூன்று தடவை சொன்னார். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.